கண்மாய் மீனை வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பது எப்படி?

மதுரையில் எந்த வண்ணமீன் கடைக்குள் நுழைந்தாலும் கப்பி, மோலி, கோல்டுஃபிஷ், ஏஞ்சல், ஃபைட்டர் என்று தொட்டி தொட்டியாக இருக்கும். கோல்டுஃபிஷ் சீனத்து மீன், ஏஞ்சல் அமேசான் பக்கத்து மீன், ஃபைட்டர் தாய்லாந்து மீன். வண்டியூர் கண்மாயிலும் மேலூர்ப் பக்கத்து வாய்க்கால்களிலும் காலங்காலமாக இருக்கிற மீன்களை அங்கே தேடினால் அநேகமாகக் கிடைக்காது. இத்தனைக்கும் நம் வெயிலுக்கும் நம் தண்ணீருக்கும் பழகிய மீன்கள் அவைதான். ஹீட்டர் வேண்டாம். அடிக்கடி மருந்து ஊற்ற வேண்டாம். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நிற்கும் பஞ்சாக்ஸையோ, குஞ்சுக் கூட்டத்தை நடுவில் விட்டு அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் காவல் போகிற ஆரஞ்ச் குரோமைடையோ ஒரு தடவை வளர்த்துவிட்டால், பிறகு கடைத் தொட்டிகள் அவ்வளவாக இழுக்காது.

வளர்ப்பது சுலபம். குஞ்சு எடுப்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். கப்பியும் மோலியும் குட்டி போடுகிற மீன்கள். ஆணும் பெண்ணும் ஒரே வாளியில் கிடந்தால் போதும், மாதம் ஒரு தடவை குட்டி வந்துவிடும். நம் ஊர் நன்னீர் மீன்களோ ஏறக்குறைய எல்லாமே முட்டையிடுபவை. முட்டையிடும் மீனுக்கு இரண்டு விஷயம் ஒத்துவர வேண்டும். ஒன்று, எப்போது இடுவது. இன்னொன்று, எங்கே இடுவது. இந்த இரண்டுக்கும் ஒவ்வொரு மீனும் தனித்தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நீங்கள் வளர்க்கிற மீனின் கணக்கைத் தெரிந்துகொண்டு தொட்டியை அதற்குத் தக்கபடி அமைப்பதுதான் நம் வேலை. முட்டையிடுவது மீனின் வேலை. அதை அவசரப்படுத்த முடியாது.

எப்போது?

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகி மறுகால் பாயும்போது பார்த்திருப்பீர்கள். விழுகிற தண்ணீரை எதிர்த்து மீன் துள்ளித் துள்ளி ஏறும். துண்டை விரித்துப் பிடிக்கச் சின்னப் பையன்கள் நிற்பார்கள். அப்படி ஏறுகிற மீன்களில் நிறைய, சினை மீன்கள்.

புதுத்தண்ணீர் வந்ததும் கண்மாயில் பல விஷயங்கள் ஒரே சமயத்தில் மாறுகின்றன. தண்ணீரின் சூடு குறைகிறது. கோடையில் வற்றி வற்றி உப்பேறியிருந்த தண்ணீர் மழைநீர் கலந்து மென்மையாகிறது. காய்ந்து கிடந்த கரையோரப் புல்லெல்லாம் தண்ணீருக்குள் போகிறது. ஒளிய இடம் கிடைக்கிறது. அந்தப் புல் அழுகினால் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் பெருகும், அதுதான் குஞ்சுகளுக்கு முதல் சாப்பாடு. இந்த மாற்றங்களை மீனின் மூளை உணர்ந்து, அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். அந்தச் சுரப்பி விடுகிற ஹார்மோனால்தான் முட்டை முழுதாக முதிர்ந்து வெளியே வருகிறது. இந்தச் செய்தி போகவில்லை என்றால் வயிற்றில் சினை இருந்தும் மீன் முட்டை விடாது. கொஞ்ச நாளில் உடம்பே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெரிய கெண்டைகள் இதற்கு நல்ல உதாரணம். ஓடும் வெள்ளம் இல்லாத குளத்தில் அவை எவ்வளவு பெருத்தாலும் முட்டை விடாது. அதனால் ஒரு காலத்தில் மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளை ஆற்றிலிருந்துதான் பிடித்துவர வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஒடிசாவில், இன்னொரு மீனின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தி, குளத்து மீனை முட்டையிட வைத்தார்கள். இன்றைக்கும் அந்த நாளைத் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். வெள்ளம் அனுப்ப வேண்டிய செய்தியை ஊசி அனுப்பியது என்று புரிந்துகொண்டால், இந்தக் கட்டுரையில் பாதி புரிந்த மாதிரி.

வீட்டில் நமக்கு ஊசி தேவையில்லை. விரல் நீளச் சின்ன மீன்கள் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. பஞ்சாக்ஸ் போன்றவை நல்ல சாப்பாடு கிடைத்தால் வருஷம் முழுக்க முட்டையிடும். மழையை எதிர்பார்க்கிற மீனுக்குத் தொட்டியிலேயே சின்னதாக ஒரு மழைக்காலம் காட்டலாம். ஆணையும் பெண்ணையும் பத்துப் பதினைந்து நாள் தனித்தனியாக வைத்து உயிர் உணவு கொடுங்கள். தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் குறையவிடுங்கள். பிறகு ஒரு மாலையில் இரண்டையும் சேர்த்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு, பிடித்து வைத்த மழைநீரை மெதுவாக ஊற்றுங்கள். வெளியே நிஜமாகவே மழை பெய்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

எங்கே?

முட்டையை வைக்கிற விதத்தில் நம் ஊர்ச் சின்ன மீன்களை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். கெண்டை வகை மீன்கள் நூற்றுக்கணக்கில் முட்டையைப் பாசிக்குள் தூவிவிட்டுப் போய்விடும். திரும்பி வந்தால் அதையே தின்னும். பஞ்சாக்ஸ் ஒவ்வொரு முட்டையாகப் பாசியிலும் வேரிலும் ஒட்டவைக்கும். குட்டைகளில் வாழும் ஒரு சின்ன மீன் இருக்கிறது, பெயர் ஸ்பைக்டெயில் பாரடைஸ்; அது நுரையால் கூடு கட்டும். குரோமைட் கல்லில் முட்டையை ஒட்டி, இரண்டு பேருமாகக் காவல் காக்கும்.

முட்டை எத்தனை என்பதும் காவல் எவ்வளவு என்பதும் எதிரும் புதிருமாகப் போகும். காவல் காக்காத மீன் எக்கச்சக்கமாக இடும், பெரும்பாலானவை இரையாகிவிடும். காவல் காக்கிற மீன் குறைவாக இடும். அதனால் எந்த மீனுக்குப் பெற்றோரைப் பிரிக்க வேண்டும், எதற்குப் பிரிக்கவே கூடாது என்பது இந்த நான்கில் உங்கள் மீன் எங்கே வருகிறது என்பதைப் பொறுத்தது. எல்லா மீனுக்கும் ஒரே முறையைச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

மீன் எங்கிருந்து கிடைக்கும்?

மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரிப் பக்கத்துக் கிராமங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊரே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்கிவிடும். விராலும் கெளுத்தியும் ஜிலேபியும் வீட்டுக்குப் போனபின், சேற்றுக் குட்டைகளில் விரலளவு மீன்கள் மிஞ்சிக் கிடக்கும். நாலு நாள் வெயிலில் அந்தக் குட்டைகளும் வற்றிவிடும். நம்ம ஊர் மீன் வளர்க்க நினைப்பவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்; மற்ற நாட்களில் கண்மாய் மீன் குத்தகையில் இருக்கும், குத்தகைக்காரரிடம் கேட்க வேண்டும். ஆளுக்கு ஆறேழு மீன் போதும்.

மலையடிவாரத்துக்குப் போய் ஓடை மீன் பிடிக்கும் ஆசை சிலருக்கு வரும். வைகை பிறக்கிற மேகமலை, வருசநாட்டுப் பகுதி 2021 முதல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. காட்டுக்குள் மீன் பிடிப்பது குற்றம். அங்கே இருக்கிற மீன் அங்கேயே இருக்கட்டும்.

பிடித்துவந்த மீனை மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். கண்மாய் மீனில் ஒட்டுண்ணிகள் சகஜம்.

தண்ணீர்

மதுரைக்காரர்களுக்கு இரண்டு தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் வருகிற வைகைத் தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த பாத்திரத்தில் ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து. இரண்டாவது போர் தண்ணீர். பல தெருக்களில் அது உப்புத் தண்ணீர். கெண்டைகளின் முட்டைக்கு அது ஆகாது; பஞ்சாக்ஸ் தாங்கும்; ஆரஞ்ச் குரோமைடுக்கு அது பிடித்தமான தண்ணீர், ஏனென்றால் கழிமுகத்து உவர்நீரிலும் வாழ்கிற மீன் அது. ஆகவே உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்து மீனைத் தேர்ந்தெடுங்கள், மீனைப் பார்த்துத் தண்ணீரை மாற்ற ஓடாதீர்கள். மென்மையான தண்ணீர் வேண்டுமென்றால் மொட்டைமாடி மழைநீர் இருக்கவே இருக்கிறது. 2003இல் கட்டாயமாக்கியபோது போட்ட மழைநீர்க் குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கும். முதல் மழையில் தளத்தின் தூசியெல்லாம் போகட்டும், அடுத்த மழையில் டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள்.

புதுத் தொட்டியில் உடனே மீன் விடாதீர்கள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேற மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கிற ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கிப் போட்டால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். குஞ்சுத் தொட்டிக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் சரி. மோட்டார் ஃபில்டர் குஞ்சை உள்ளே இழுத்துவிடும்.

முதல் மீன்: பஞ்சாக்ஸ்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கண்மாய் ஓரத்திலும் வாய்க்காலிலும் கிணற்றிலும் மேலாக மிதந்து கொசுப்புழு தின்னும் மீன் இது. நாலைந்து சென்டிமீட்டரில் நின்றுவிடும் சின்ன வகையும் உண்டு, பத்து சென்டிமீட்டர் வரை வளரும் கோடு போட்ட வகையும் உண்டு. ஆணின் நிறம் பளிச்சென்று இருக்கும், துடுப்பும் நீளம். கோடு போட்ட வகையில் பெண்ணின் உடம்பில் குறுக்குப் பட்டைகள் கறுப்பாகத் தெரியும்.

நாற்பது லிட்டர் தொட்டிக்கு ஓர் ஆண், இரண்டு பெண். மூடி கட்டாயம் வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் துள்ளி வெளியே வந்துவிடும். ஆகாயத்தாமரை ஒன்றை மிதக்கவிட்டால் அதன் தொங்கும் வேரிலேயே முட்டை ஒட்டும். ஆனால் வேருக்குள் முட்டையைத் தேடுவது கண்ணுக்கு வேலை. அதற்குப் பதில் கம்பளி நூல் குஞ்சம் கட்டிக்கொள்ளலாம். ஸ்வெட்டர் பின்னுகிற அடர்பச்சை நூலை ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் முப்பது நாற்பது சுற்றுச் சுற்றி, ஒரு முனையில் இறுக்கிக் கட்டி, மறுமுனையை வெட்டிவிடுங்கள். வெந்நீரில் ஊறவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு துண்டுத் தெர்மோகோலில் கட்டி மிதக்கவிடுங்கள்.

பெண் மீன் தினமும் சில முட்டைகள் இடும், நன்றாகச் சாப்பிட்டால் பத்துக்கு மேலும் போகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை குஞ்சத்தை வெளியே எடுத்து, லேசாகப் பிழிந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நூலை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். கடுகளவில் கண்ணாடி மணி ஒட்டியிருக்கும். விரலால் பிடித்து எடுக்கலாம், நசுங்காது. இழுத்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு பசையிழை கூடவே வரும். முட்டையை நூலோடு கட்டியிருந்தது அதுதான். எடுத்ததை, தொட்டித் தண்ணீர் ஊற்றிய ஆழமில்லாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மெத்திலீன் புளூ என்கிற பூஞ்சை தடுக்கும் நீல மருந்தை ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். வெள்ளையாகிப் போகிற முட்டை கருவாகாதது அல்லது பூஞ்சை பிடித்தது. ஒன்றை விட்டாலும் பக்கத்து முட்டைக்குப் பரவும், அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஒரு வாரம் போனால் கெட்டுப்போகாத முட்டைகளுக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை கண்கள். பூதக்கண்ணாடி இருந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும் குஞ்சையும், சட்டென்று அது உடம்பைத் திருப்புவதையும் பார்க்கலாம். பிள்ளைகள் இருக்கிற வீடாக இருந்தால் இந்த டப்பாவை அவர்களிடமே ஒப்படையுங்கள். பத்திலிருந்து பதினாலு நாளுக்குள் பொரியும். சூடு கூடினால் சீக்கிரம். வெளியே வந்த குஞ்சு உடனே மேல்மட்டத்துக்கு வந்து இரை தேடும். பஞ்சாக்ஸ் குஞ்சு ஓரளவு பெரியது என்பதால் ஆர்டீமியாவை, அதாவது உப்புநீரில் பொரிக்கிற ஒரு குட்டி இறால் வகையின் குஞ்சை, நேராகவே தின்னும். ஆரம்பக்காரர்களுக்கு இதைச் சொல்வது அதற்காகவும்தான்.

ஒரே நாளில் பொரிக்காததால் குஞ்சுகள் பல அளவில் இருக்கும். பெரியது சின்னதைத் தின்னும். வாரம் ஒரு தடவை அளவு பார்த்துப் பிரித்துவிட வேண்டும், அதில் தயவு பார்க்கக் கூடாது.

நுரைக் கூடு கட்டும் மீன்

ஸ்பைக்டெயில் பாரடைஸ் வயல் வாய்க்காலிலும் புல் மண்டிய குட்டையிலும் வாழ்வது. 1831இல் இதை முதன்முதலாக விவரித்தது, புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்று மீனை வைத்து. பனையேறிக் கெண்டையைப் போலவே இதற்கும் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கிற தனி உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு மடக்குக் காற்று எடுத்துக்கொண்டு கீழே போகும்.

தண்ணீர் ஒரு சாண் உயரம் போதும். ஓட்டம் இருக்கக் கூடாது, நுரை கலைந்துவிடும். காய்ந்த பாதாம் மர இலை ஒன்றை மிதக்கவிட்டால் அதன் அடியில் ஆண் கூடு கட்டும். கவிழ்த்த பாதித் தேங்காய்ச் சிரட்டையும் அதற்குப் பிடிக்கும். முட்டையிடும் நேரத்தில் பெண் கறுத்துப் போகும், நோய் என்று பயந்துவிடாதீர்கள். கீழே விழுகிற முட்டைகளை வாயால் பொறுக்கி நுரைக்குள் வைப்பது ஆணின் பொறுப்பு. முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடலாம். இரண்டு நாளில் பொரியும். குஞ்சுகள் நேராக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிடுங்கள். தொட்டியை மூடியே வையுங்கள். தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால்தான் குஞ்சின் சுவாச உறுப்பு சரியாக வளரும். குஞ்சு தூசி அளவுதான் இருக்கும் என்பதால் இதில் சாப்பாட்டுப் பிரச்சினை பெரிது. கீழே சொல்கிறேன்.

குடும்பம் நடத்தும் மீன்

சிக்லிட் என்றால் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்றுதான் நினைப்போம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமாக மூன்றே மூன்று சிக்லிட்கள் உண்டு, ஆரஞ்ச் குரோமைட் அதில் ஒன்று. அவற்றுக்கு நெருங்கிய சொந்தக்காரர்கள் மடகாஸ்கரில் இருக்கிறார்கள். ஆண் பெண் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஆறு சின்ன மீன்களாக வாங்கி ஒன்றாக வளர்த்தால் தானாக ஜோடி சேரும். சேர்ந்த ஜோடி மற்றவர்களை மூலைக்கு விரட்டும். அப்போது அந்த நாலு பேரையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

ஒரு தட்டைக் கல்லோ உடைந்த மண்சட்டி ஓடோ சாய்த்து வையுங்கள். இரண்டும் சேர்ந்து அதைச் சுத்தமாகத் துடைக்கத் தொடங்கினால் முட்டை வரப்போகிறது என்று அர்த்தம். முட்டைகள் சின்னக் காம்பில் தொங்கும். பெற்றோர் துடுப்பால் விசிறிக்கொண்டே இருப்பார்கள், கெட்ட முட்டையை அவர்களே பொறுக்கி எடுப்பார்கள். நாலைந்து நாளில் பொரிந்ததும் மணலில் பறித்துவைத்த குழிக்குக் குஞ்சுகளை வாயில் எடுத்துப் போவார்கள். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் உடம்பை உரசி உரசிப் போவதைப் பார்ப்பீர்கள். விளையாட்டு இல்லை, பெற்றோரின் தோலில் சுரக்கிற வழவழப்பைத் தின்கின்றன. ஆகவே இந்த மீனில் பெற்றோரைப் பிரிக்கவே கூடாது. முதல் ஈட்டை அவையே தின்றுவிடுவது உண்டு. அடுத்த ஈடு, அதற்கடுத்த ஈடு என்று பழகும். விட்டுப் பிடியுங்கள்.

கெண்டையும் அயிரையும்

சின்னக் கெண்டைகளுக்கு இரண்டு தந்திரம் போதும். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்காகப் பரப்புங்கள். விழுகிற முட்டை இடுக்கில் போய்விடும், பெற்றோருக்கு எட்டாது. மாலையில் ஜோடியை விட்டால் பெரும்பாலும் மறுநாள் காலை வெளிச்சம் படும்போது முட்டை விடும். முடிந்ததும் உடனே பெற்றோரை எடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். இங்கே மழைநீர் கலந்த மென்மையான தண்ணீர் வேண்டும்.

அயிரையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், மதுரையில் கேட்காமல் இருப்பார்களா? மார்க்கெட்டில் அண்டாவில் உயிரோடு நெளிகிற அயிரையை வாங்கிவந்து மெல்லிய மணல் போட்ட தொட்டியில் விட்டால் அருமையாக வாழும். தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மணலுக்குள் புதைந்து கிடப்பதைப் பார்க்கவே வளர்க்கலாம். குஞ்சு மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வெள்ளத்தின் செய்தியை எதிர்பார்க்கிற மீன் அது, அமைதியான வீட்டுத் தொட்டியில் முட்டையிடுவது அரிது.

முதல் வாரச் சாப்பாடு

முட்டை பொரிக்க வைப்பவர்கள் நிறையப் பேர், குஞ்சைக் காப்பாற்றுகிறவர்கள் கொஞ்சம் பேர். வித்தியாசம் முழுக்க முதல் வாரச் சாப்பாட்டில் இருக்கிறது.

பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு தொங்கும். அது தீரும்வரை எதுவும் போடாதீர்கள், தண்ணீர்தான் கெடும். கரு தீர்ந்து குஞ்சு நேராக நீந்தத் தொடங்கிய அன்றே சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் கெண்டைக் குஞ்சும் பாரடைஸ் குஞ்சும் பட்டினியில் போய்விடும். அதனால் ஜோடியைச் சேர்க்கிற அன்றைக்கே இன்ஃபுசோரியா எனப்படும் நுண்ணுயிர்களை வளர்க்கத் தொடங்குங்கள். ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரோடு போட்டு, வெளிச்சமான ஆனால் வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு நாளில் பால் கலந்த மாதிரி கலங்கி நாறும். பயந்து கொட்டிவிடாதீர்கள். அது பாக்டீரியா. அதைத் தின்னும் உயிர்கள் பெருகப் பெருக, நாலைந்து நாளில் தண்ணீர் மறுபடி தெளியும். ஜாடிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைத் தூசி தானாக நகர்வது தெரியும். அதுதான் சாப்பாடு. ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் சில சொட்டுகள். வெயிலில் வைத்துப் பச்சையாகிப்போன தண்ணீர் இருந்தால் அதுவும் உதவும்.

ஐந்தாறு நாள் கழித்து ஆர்டீமியாவுக்கு மாறலாம். டப்பாவில் விற்கிற அதன் உலர் முட்டையை, லிட்டருக்கு இருபத்தைந்து முப்பது கிராம் கல் உப்பு போட்ட தண்ணீரில் ஏர் பம்ப்பின் குமிழோடு விட்டால் ஒன்று ஒன்றரை நாளில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிற ஆர்டீமியாக் குஞ்சுக் கூட்டம் கீழே வெளிச்சத்தை நோக்கிச் சேரும். அதைக் குழாயால் உறிஞ்சி, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். வயிறு ஆரஞ்சு இல்லையென்றால் சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

வேக வைத்த முட்டை மஞ்சளைத் துணியில் கட்டிப் பிழியச் சொல்வார்கள். வேறு வழியே இல்லாதபோது ஒரு துளி. கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் கெட்டு எல்லாக் குஞ்சும் போய்விடும். பெரிய மீன்களுக்குக் கொசுப்புழு அற்புதமான உணவு, ஆனால் அதற்கென்று திறந்த பாத்திரம் வைத்துக் கொசு வளர்க்காதீர்கள். டெங்கு கொசு, முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு ஒரு வாரம் பத்து நாளில் வந்துவிடும். அதற்கு டாஃப்னியா என்கிற தண்ணீர்த் தெள்ளு மேல்.

தினமும் அடியில் படிகிற கழிவை ஏர் பம்ப்பின் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே அளவு நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் குஞ்சு தாங்காது.

குஞ்சுகள் கூடிப்போனால்

மூன்று நாலு மாதத்தில் இடம் பத்தாது. அப்போது வருகிற முதல் யோசனை, கண்மாயில் விட்டுவிடலாம் என்பதுதான். நம்ம ஊர் மீன்தானே என்று தோன்றும். வேண்டாம். தொட்டியில் வந்த நோய் அதோடு போகும். வேறு இடத்து மீனோடு கலந்த வம்சமாக இருந்தால் அந்தக் கண்மாய்க்கே உரிய வம்சம் கெடும். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களால் நம் நீர்நிலைகள் பட்டது போதும். 1928இல் கொசுவை ஒழிக்கக் கம்பூசியா என்கிற சின்ன மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. 1952இல் ஜிலேபி வந்தது. இன்று அது இல்லாத கண்மாயைக் காண்பது கடினம். தொட்டி சுத்தம் பண்ணும் என்று வாங்கிய சக்கர் மீனை ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால், அது தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் பெருகிக் கிடக்கிறது.

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள். எந்த ஊர்க் கண்மாய் மீனின் குஞ்சு என்பதைப் பையிலேயே எழுதிக் கொடுங்கள், அவர்கள் வேறு ஊர் மீனோடு கலக்காமல் வைத்துக்கொள்ள அது உதவும். பஞ்சாக்ஸ் என்றால் இன்னொரு வழியும் உண்டு. மொட்டைமாடித் தாமரைத் தொட்டி, மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கும் இடத்துச் சிமென்ட் தொட்டி என்று வீட்டுக்குள்ளேயே அடங்கிய தண்ணீர் எதிலும் நாலைந்தை விடலாம், கொசுப்புழு மிஞ்சாது. மீன்கொத்தியும் காக்கையும் கண் வைக்கும், மேலே ஒரு வலை போட்டுவிடுங்கள். சித்திரை வெயிலுக்குத் தொட்டியின் பாதிக்காவது நிழல் விழுகிற மாதிரி தென்னங்கீற்றோ பச்சை வலையோ கட்டிவிட்டால் அங்கேயே முட்டையிட்டுப் பெருகும்.